துண்டுக்கடியில் பாய்ந்த வெல்லம்

திருப்பதியிலிருந்து வரும் காலை பஸ் எங்கள் மண்டித் தெரு முனையில் நிற்கிற வழக்கம் இல்லை. அன்றைக்கு நின்றது. கண்டக்டர் இறங்கி நேராகக் கடைக்குள் வந்தார். நான் தராசடியில் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணா, மாட்டாஸ்பத்திரி டாக்டரு சொல்லி அனுப்பிச்சாரு," என்றார். எனக்கு அதுவே போதும்.

"எப்ப?"

"விடியறதுக்கு முன்னியாம். ரொம்ப அவஸ்தப்படலன்னு சொல்லச் சொன்னாரு."

பஸ்ஸிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, இறந்தது யார் என்று தெலுங்கில் கேட்டார். கண்டக்டர் திரும்பி, "இன்ட்லோ மனிஷி" என்றார். வீட்டு ஆள் என்று அர்த்தம். பூனை என்று சொல்லியிருந்தால் பஸ்ஸே சிரித்திருக்கும். அந்த ஒரு சொல்லுக்காக அந்த மனிதருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். "மதியம் திரும்பிப் போறப்போ நிறுத்தறேன், ரெடியா இருங்கண்ணா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறந்துபோனது எங்கள் மண்டிப் பூனை வெல்லம். சித்தூர் வெல்ல மண்டித் தெருவில் சரக்கு போட்டவர்கள், எடுத்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள் இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கலாம். வேலை நிறைய இருக்கிறது. இதையும் ஒரு வேலையாக முடித்தால்தான் மற்றது ஓடும் போலிருக்கிறது.

ஆந்திரா தனி ராஜ்ஜியமாகப் பிரிந்த வருஷத்து மார்கழியில் அவள் வந்தாள். வெதுருகுப்பத்து எல்லப்பன் கரும்பு வைத்து, தானே காய்ச்சி, வண்டி கட்டி வெல்லம் கொண்டுவருகிறவன். அன்று மூட்டைகளை இறக்கி முடித்தபோது, வண்டியில் பரப்பியிருந்த கரும்புச் சோகைக்குள் ஏதோ அசைந்தது. பார்த்தால் கையகலப் பூனைக்குட்டி. புது வெல்லத்தின் நிறம்.

"இது ஒன்துதாபா?" என்று கேட்டேன்.

"என்துன்னா வெல வெச்சி வித்திருக்க மாட்டேனா? சோகையில ஒட்டிக்கினு வந்துடுச்சிண்ணா. வெச்சிக்க, கொசுறு."

நான் தலைச்சுமையாக வெல்லம் விற்று, அப்புறம் தள்ளுவண்டி போட்டு, அதற்கப்புறம் மண்டி பிடித்தவன். எதையும் சும்மா வைத்துச் சோறு போடுகிற ஆள் இல்லை. எலி பிடித்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த வண்டியிலேயே வெதுருகுப்பம் போகட்டும் என்று நினைத்தேன். முதல் மழைக்காலத்திலேயே அவள் தன் சோற்றுக்கு மேல் சம்பாதித்துவிட்டாள். வெல்ல மூட்டைக்கு எலி எவ்வளவு பெரிய சத்துரு என்று மண்டி வைத்தவர்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் அவளைத் திருப்பி அனுப்புகிற பேச்சை நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் வீட்டுக்காரி கன்னியம்மா என்னையும் சேர்த்து வண்டியில் ஏற்றியிருப்பாள்.

பேர் வைத்ததும் அவள்தான். "வெல்லம் கலர்ல கீது. வேற இன்னா பேரு வெப்பீங்க?" பக்கத்துக் கோணிக் கடை குருவப்ப நாயுடு தெலுங்கில் பெல்லம் என்று கூப்பிட்டார். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள். சோறு இருந்தால்தான் வருவாள்.

அவள் சொல்லுகிறது எல்லாம் இரண்டே வகை. ஒன்று, கதவைத் திற. திறந்ததும், ஏன் திறந்தாய் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே குரலில் சொல்லுவாள். அதிகாலையில் நான் பலகைக் கதவைத் தூக்கி வைக்கும்போது, உள்ளே இருந்துகொண்டே என்னை யார் வரச் சொன்னது என்பதுபோலப் பார்ப்பாள். மண்டி அவளுடையது, நான் வாடகைக்கு இருக்கிறவன் என்பதுதான் அவள் கணக்கு.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் துண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் விலையை வாயால் பேசுவதில்லை. கொண்டு வந்தவனும் வாங்குகிறவனும் எதிரெதிரே உட்கார்ந்து, இருவர் கை மேலும் தோள் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்து விலை கேட்பார்கள், விரலாலேயே பதில் வரும். வெளியே வாய் மழையையும் மருமகனையும் பேசிக்கொண்டிருக்கும். அடுத்த கடைக்காரனுக்கு என்ன விலைக்கு முடிந்தது என்று தெரியாது. துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது தெருவின் கட்டு.

துணிக்கு அடியில் ஏதோ அசைந்தால் பூனை சும்மா இருக்குமா? வெல்லம் என் மடியில்தான் படுப்பாள். முதன்முதல் அவள் பாய்ந்தது ஒரு மெட்ராஸ் வியாபாரியின் கை மேல். கனமான ஆள், விரலெல்லாம் மோதிரம். துண்டுக்குள் அவர் என் விரலைப் பிடித்து இழுத்தார். இவள் துண்டோடு சேர்த்து அவர் கையைக் கவ்விவிட்டாள்.

"அய்யய்யோ! இன்னாய்யா இது, வெல ஒத்துக்கலன்னா கிள்ளுவியா?" என்று மனிதர் எழுந்துவிட்டார்.

"நான் கிள்ளலைங்க."

"நீ கிள்ளாம ஒன் துண்டு கிள்ளிச்சா?"

அதற்குள் துண்டுக்கடியிலிருந்து வாலும் பிறகு முகமும் வெளியே வந்தன. தெரு முழுக்கச் சிரித்தது. நாயுடு கோணிச் சாக்கின் மேல் படுத்தே சிரித்தார். அந்த வியாபாரியும் கடைசியில் சிரித்துவிட்டு, "இது ஒன் பார்ட்னரா? முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார். அன்றிலிருந்து என் கடைக்கு வருகிறவர்கள் உட்காரும் முன் என் மடியைப் பார்ப்பார்கள். அசைவைக் கண்டால்தான் பாய்வாள். அசையாத கையை அவள் தொட்டதே இல்லை. என் துண்டில் அவள் போட்ட ஓட்டைகள் பல. கன்னியம்மா தைத்துத் தைத்து, துணியை விட நூல் அதிகமாகிவிட்டது.

எல்லைச் சண்டை நடந்த வருஷங்களில் எங்கள் தெருவிலும் வாய்ச் சண்டைக்குக் குறைவில்லை. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு, சத்தியவேடு யாருக்கு என்று காலையில் டீக்கடையில் ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை ஓயாது. நாயுடுவும் நானும் கூட இரண்டு முறை பேச்சை நிறுத்தியிருக்கிறோம். அந்தச் சமயத்தில் ஒரு நாள் அவர் தம் கடையிலிருந்தபடியே சத்தமாகச் சொன்னார்: "பூனையாவது எங்களுது. பெல்லம்னு கூப்ட்டா திரும்புது பாரு."

"சோறு துன்றது என் கடையில," என்றேன்.

"தயிரு குடிக்கிறது என் கடையில."

அவள் இருவரையும் பார்த்துவிட்டு, நடுவில் நின்ற மூட்டை வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். நாயுடுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. பேச்சு திரும்பியது. பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து கோடு போட்டார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, சத்தியவேடு ஆந்திரா பக்கம் வந்தது, நாங்கள் இருந்த இடத்தில் இருந்தோம். திருத்தணியிலிருந்து என் மச்சான் வந்து, "இங்க இன்னும் இன்னா கீது ஒங்களுக்கு? எங்க பக்கம் வந்துடுங்க, கடை பாத்து வெச்சிருக்கேன்," என்று கூப்பிட்டான். யோசித்துத்தான் பார்த்தேன். பூனையை எப்படிக் கொண்டுபோவது என்பதிலேயே கன்னியம்மாவின் யோசனை நின்றுவிட்டது. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மச்சானிடம் நான் சொன்னது இதைத்தான். அவன் இன்னும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறான்.

கோடு போட்டு முடிந்த அந்தக் கோடையில் அவள் மெலிய ஆரம்பித்தாள். தண்ணீர் தொட்டியை விட்டு நகரவில்லை. குடித்துக்கொண்டே இருந்தாள், உடம்பு மட்டும் வற்றிக்கொண்டே போனது. கருவாட்டுக்கு முகத்தைத் திருப்பினாள். வேப்பெண்ணெய் தடவு என்றார்கள், விளக்கெண்ணெய் கொடு என்றார்கள், காத்து கருப்பு அடிச்சிருக்கும், மந்திரிக்கணும் என்றார்கள். எலி ஒன்று மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே அவள் கண்ணெதிரே நடந்து போயிற்று. அவள் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. அன்றுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் மூங்கில் கூடையில் சாக்கு விரித்து அவளை வைத்து, திருப்பதி பஸ் ஏறினேன்.

மாட்டாஸ்பத்திரியில் எருமைகளும் வண்டி மாடுகளும் வரிசையாக நின்றன. நடுவில் நான் கூடையோடு நின்றேன். முன்னால் நின்றவர் வடமாலபேட்டைக்காரர், எருமை ஓட்டி வந்தவர். கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாபா, எத்தினி படி கறக்குது?"

"கறக்காது. காவல் காக்கும்."

"அப்ப சரி. எனக்கு முன்னாடி போ. எருமைக்கு வயித்தால போகுது, அவ்ளோதான், தாங்கும்."

டாக்டர் சின்ன வயசுப் பிள்ளை. மாட்டுக்கும் குதிரைக்கும் படித்தவன், பூனையைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்று நேர்மையாகச் சொன்னார். மறைக்காமல் சொல்லுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். வெகு நேரம் தடவித் தடவிப் பார்த்தார். "கிட்னி போயிருக்கு சார். வச்சிட்டுப் போங்க, குளுக்கோஸ் ஏத்திப் பாக்கறேன். நம்பிக்கை கொடுக்க மாட்டேன்." வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு வந்ததுதான் கண்டக்டர் கொண்டு வந்த சேதி.

மதியம் அதே பஸ்ஸில் போனேன். வெயில் கடுமையாக இருந்தது. ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. ஆஸ்பத்திரிக் காவல்காரர் மண்வெட்டி எடுத்துவந்தார். பின்புறத்துப் புங்க மரத்தடியில் குழி வெட்டினோம். வெறும் மண்ணில் வைக்க மனம் வரவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து அவளைச் சுற்றினேன். அந்த டாக்டர் பிள்ளை வெளியே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

வீடு திரும்பியபோது கன்னியம்மா வாசலில் நின்றிருந்தாள். வியாபாரி தோளில் துண்டு இல்லாமல் வருவதில்லை. என் தோளைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது.

"அங்கியே ஏன் பொதைச்சீங்க? நம்ம வூட்டாண்ட எடம் இல்லியா?"

"வெயிலு கன்னியம்மா. பஸ்ல எப்படி எடுத்தாறது?"

"நான் ஒரு தடவ பாக்க வேணாமா? ஒங்களுக்கு மட்டுந்தான் பூனையா?"

அடுத்த வாரம் அவளை அழைத்துப் போய் அந்த மரத்தடியைக் காட்டிவிட்டு வந்தேன். வரும்போதுதான் கொஞ்சம் பேசினாள்.

துக்கம் எனக்குத் தெரியாத சரக்கு இல்லை. அப்பா, அம்மா, ஒரு தம்பி என்று பார்த்தவன். அதற்கெல்லாம் ஊர் வந்து கூடும், பந்தல் போடவேண்டும், காரியம் வரை வேலை இருக்கும். அந்த வேலையே ஆளைத் தூக்கி நிறுத்தும். பூனைக்கு ஒரு சடங்கும் இல்லை. யாரும் வந்து துக்கம் கேட்பதில்லை. மறுநாள் காலை பலகையைத் தூக்கி வைத்துக் கடை திறக்கவேண்டும், அவ்வளவுதான். கன்னியம்மா சோறு வடித்ததும் வழக்கம்போல ஒரு பிடி ஒதுக்கி ஆறவைத்தாள். வைத்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைத் தானே சாப்பிட்டுவிட்டாள்.

"இன்னொன்னு புடிச்சாந்து உட்டா போச்சி," என்று பலர் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேறு யாருடைய பூனையாவது செத்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கடைதான் கைகொடுக்கும் என்று நம்பினேன். அங்கேதான் சறுக்கியது. அந்த வாரச் சந்தைக்குப் புதுத் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகவில்லை. முதல் வண்டிக்காரர் எதிரே உட்கார்ந்தார். துண்டைப் போட்டோம். அவர் என் விரலைப் பிடித்தார். நான் பதில் கொடுக்கவில்லை. கை மேல் வந்து விழவேண்டியது விழவில்லை. அதற்காகவே காத்திருந்தேன் போலிருக்கிறது. கையை வெளியே உருவிக்கொண்டு, விலையை வாயால் சொல்லிவிட்டேன்.

அடுத்த நிமிஷம் வண்டிக்காரர்கள் எல்லோரும் எழுந்து, "எங்களுக்கும் அந்த வெலதான்" என்று நின்றார்கள். எதிர் மண்டியில் துண்டுக்குள் பாதி பேரம் முடிந்திருந்தவர் கையை உதறிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைய சந்தை கலைந்தது. சாயங்காலம் மண்டிக்காரர்கள் கூடி வந்தார்கள். மூத்தவர் உட்காரக்கூட இல்லை.

"சபாபதி, ஒனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? வெலய தண்டோரா போட்டியே!"

"தப்புதாங்க. கை வரல."

"ஒரு பூனைக்கு கை வரலயா?" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்.

நாயுடு தம் கடையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஒன் வூட்ல யாராவது போனா சொல்லு, நாங்களும் வந்து சிரிக்கிறோம்."

மூத்தவர் அதைக் காதில் வாங்கவில்லை. "அடுத்த சந்தைக்குத் துண்டு போட்டு ஒழுங்கா வியாபாரம் பண்ணு. முடியலன்னா கடைய யாருக்காவது குடுத்துடு. இன்னொரு தடவ வாயத் தொறந்தா ஒன் வாசல்ல வண்டி நிக்காது." அவர் சொன்னது நியாயம்தான். துண்டுக்குள் கை வைக்க முடியாதவன் வெல்ல வியாபாரம் பண்ண முடியாது. தலைச்சுமையில் ஆரம்பித்த பிழைப்பு இந்த ஒரு கையில் நின்றது. அந்த வாரம் முழுக்க வீட்டில் கன்னியம்மாவின் கையை எதிரே வைத்துத் துண்டு போட்டுப் பழகினேன். "விடுங்க, எனக்கு அழுகையா வருது," என்று அவளும் எழுந்துவிட்டாள்.

அடுத்த சந்தையில் என் எதிரே யாரும் உட்காரவில்லை. தெருவே என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறியபிறகு எல்லப்பன் வண்டி வந்தது. அவன் மாட்டை அவிழ்த்துக் கட்டினான், முகம் கழுவினான், வந்து உட்கார்ந்தான்.

"கைய வெய்ண்ணா."

வைத்தேன். அவனே துண்டை எடுத்துப் போட்டான். விரலைப் பிடிப்பான் என்று பார்த்தேன், பிடிக்கவில்லை. என் புறங்கை மேல் தன் உள்ளங்கையை வைத்தான். வைத்தது வைத்தபடி இருந்தது.

"வெல கேக்குறியா எல்லப்பா?"

"இல்ல. சும்மா வெச்சிக்கினு கீறேன். அவசரம் இன்னா?" கொஞ்ச நேரம் மழையைப் பேசினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "எங்க ஊருக்காரங்க ஒன் கடைக்கே ஏன் வராங்க, தெரியுமாண்ணா?"

"எடை சரியா போடுறேன்னு."

"அது ஒருபக்கம் கெடக்குது. மத்தவங்க துண்டுல கைய உட்டா விரல முறுக்குவாங்கண்ணா. சுண்டு விரல மடக்கி நெரிப்பாங்க, வெளியில சிரிச்சிக்கினே இருப்பாங்க. துண்டுக்குள்ள நடக்கறத சொல்லக்கூடாதே, நாங்க யார்கிட்ட சொல்றது? வலி தாங்காம வந்த வெலைக்கு ஒத்துக்கினு போவோம். எங்க நைனாவுக்கு ஒரு விரலு மடங்கவே மடங்காது. ஒன்கிட்ட மட்டும் அது இல்ல. பூனை பாயும்னு நீ கைய ஆட்ட மாட்ட. ஊர்ல நாங்க பேசிக்குவோம், அங்க போ, அங்க பூனை கீதுன்னு."

என் நாணயத்தைப் பார்த்துத்தான் வண்டிகள் வருகின்றன என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தேன். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. துண்டுக்கு வெளியே இருந்த கையால் துடைத்துக்கொண்டேன். எல்லப்பன் தன் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நான் அவன் விரலைப் பிடித்தேன். அவன் பதில் கொடுத்தான். வழக்கம்போல இழுபறி நடந்தது, ஒரு விலைக்கு வந்தது. துண்டை எடுத்தோம். எதிர் வாசலில் நின்றிருந்த மூத்தவர் உள்ளே போனார். அடுத்த வண்டிக்காரர் வந்து உட்கார்ந்தார்.

மூட்டைகளுக்கு எலிப்பொறி வாங்கி வைத்திருக்கிறேன். வேறு பூனை வைப்பதா என்று கன்னியம்மாதான் சொல்லவேண்டும். அவள் இன்னும் சொல்லவில்லை. என் மடியில் இப்போது யாரும் இல்லை. நான் விரலை முறுக்கினாலும் நெரித்தாலும் பாய்ந்து வந்து கவ்வ ஆள் இல்லை. கரும்பு நிறைய விளைந்து, வண்டிக்காரன் வேறு வழியில்லாமல் வந்து உட்காருகிற நாளும் வருகிறது. அன்றைக்கும் துண்டுக்குள் என் கை அசையாமல்தான் கிடக்கிறது. அவளுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.